அல்சூர் ஏரியில் அலை இல்லை

தாஸ் வீட்டுக்குப் படகு வந்த அன்று மர்பி டவுன் குழாயில் தண்ணீர் வரவில்லை. காலிக் குடங்களோடு நின்ற நாங்கள் அத்தனை பேரும் அதைப் பார்த்தோம். மாட்டு வண்டியின் மேல் ஒரு பெரிய தொட்டி மாதிரி என்னவோ ஆடி ஆடி வந்தது. வண்டிக்குப் பின்னால் தாஸ் நடந்து வந்தார், பெண் வீட்டு ஊர்வலத்தில் வருகிற மாப்பிள்ளை மாதிரி. கையில் ஒரு கித்தான் பை. அதற்குள் எஞ்சினுடைய பாகங்கள்.

"இன்னா தாசு, ஊட்டுக்குத் தண்ணித் தொட்டி கட்டறியா?" என்று என் வீட்டுக்காரர் வெங்கடசாமி கேட்டார்.

"படகு அண்ணே. மோட்டார் படகு. மிலிட்டரி ஏலத்துல எடுத்தேன்."

கடலுக்கும் பெங்களூருக்கும் நடுவில் எந்தப் பக்கம் போனாலும் இரண்டு மலையாவது இருக்கும். எங்கள் வீட்டு வரிசையில் பாதிப் பேர் கடலைக் காலண்டரில்தான் பார்த்திருக்கிறோம். அந்த ஊரில், வாசலில் சைக்கிள் நிறுத்த இடமில்லாத அந்த வரிசையில், படகை இறக்கினார்கள். தாஸ் வீட்டு முகப்பு போதவில்லை. மீதி எங்கள் வாசலுக்கு வந்தது. அன்றிலிருந்து என் வீட்டுக்காரருக்கு முழங்காலில் ஒரு காயம் ஆறினால் இன்னொன்று.

எங்கள் வீட்டுக்கும் தாஸ் வீட்டுக்கும் ஒரே சுவர். அதுவும் ஓடு வரைக்கும் போகாது, மேலே ஒரு முழம் திறப்பு. சம்பூர்ணத்துக்கு அடுத்த வீட்டுப் பேச்சைக் கேட்பதே பிழைப்பு என்று சொல்கிறவர்கள் அந்தச் சுவரை ஒருதரம் வந்து பார்க்கட்டும். பேச்சு தானாக வந்து என் அடுப்பங்கரையில் உட்கார்ந்தால் நான் என்ன செய்வது? எழுந்து போ என்றா சொல்வது?

அன்று ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் வந்த பேச்சு இது.

"இது எதுக்குன்னு நீயே சொல்லிடு" என்றாள் தாஸ் பெண்டாட்டி ஜோசஃபின்.

"உனக்குத் தெரியாதா?"

"தெரியும். நீ சொல்லிக் கேக்கணும்."

"வேளாங்கண்ணிக்கு."

அதற்குப் பிறகு களி கிண்டுகிற கரண்டிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. கொஞ்சம் பலமாகவே கிண்டினாள்.

கதை இதுதான். போன வருஷம் அவர்கள் மகள் அல்போன்சாவுக்கு டைபாய்டு வந்து, ஆஸ்பத்திரியில் பிழைக்குமா பிழைக்காதா என்று கிடந்தது. ஜோசஃபின் தன் உயரத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவதாக மாதாவிடம் வேண்டிக்கொண்டாள். ஒழுங்கான வேண்டுதல். தாசுக்கு அது போதவில்லை. புயலில் மாட்டிய கப்பல்காரர்களை மாதா கரை சேர்த்த கதையைக் கோயிலில் கேட்டிருக்கிறார் போல. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, நர்சுகள் திரும்பிப் பார்க்கிற மாதிரி சொன்னார்: "தாயே, என் பொண்ணு எழுந்து நடந்தா, அந்தக் கப்பல்காரனுங்க வந்த மாதிரி கடல் வழியாவே கொண்ணாந்து உன் காலடில உடறேன்." நானும் அங்கே கஞ்சித் தூக்கோடு நின்றிருந்தேன். என் காதால் கேட்டேன்.

குழந்தை எழுந்து நடந்துவிட்டது. எங்கள் மாரியம்மனாக இருந்தால் ஒரு கோழியைக் கொடுத்துப் பேசி முடித்திருக்கலாம். தாஸ் அப்படிப்பட்ட ஆள் இல்லை. செப்டம்பர் திருவிழாவுக்கு நாகப்பட்டினத்தில் படகை இறக்கி, ஆற்று வாய் வழியாகக் கடலுக்குள் போய், கரையோரமாகவே வேளாங்கண்ணி வரை பெண்டாட்டியையும் மகளையும் ஓட்டிக்கொண்டு போவது என்று முடிவு கட்டிவிட்டார்.

தாஸ் தங்கவயலில் பம்பு ஃபிட்டராக இருந்தவர். சுரங்கத்துக்குள் ஊறுகிற தண்ணீரை மேலே தள்ளுகிற பம்புகள் அவர் பொறுப்பு. அதை விட்டுவிட்டு இங்கே ஒரு மோட்டார் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தவர். "தண்ணி எனக்குப் பழக்கம்" என்பார். "பூமிக்கு அடியில தண்ணியோட சண்டை போட்டவன் நான்." சண்டை போட்டது உண்மை. ஆனால் நீச்சல் தெரியாது. சுரங்கத்தில் நீந்துகிற அளவுக்குத் தண்ணீர் வந்தால் அப்புறம் பம்பு ஃபிட்டர் எதற்கு என்று அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தார்.

ஜோசஃபினுடைய கஷ்டத்தை அவளே குழாயடியில் என்னிடம் சொன்னாள்.

"நான் வரமாட்டேன்னு சொல்லலாம் சம்பூர்ணக்கா. கொழந்தைய ஏத்தாதேன்னு சொல்லலாம். நாளைக்கு மறுபடி அதுக்கு ஜுரம் வந்தா? வாக்கை நீதான் ஒடச்சேன்னு அந்த மனுஷன் சொல்லுவாரு. அவரு சொல்லாட்டியும் எனக்கே தோணும்."

"அப்போ?"

"படகு ஆவாதுன்னு வேற யாராச்சும் சொல்லணும். தெரிஞ்சவங்க. அவரு கேக்கற மாதிரி. வாக்கு தப்பல, படகுதான் ஆவலன்னு போயிடும்."

ஒரே ஒரு 'ஆகாது'. அதைத் தேடி அந்தப் பெண் அலைந்த அலைச்சல் இருக்கிறதே, கல்யாணத்துக்கு மாப்பிள்ளை தேடியிருந்தால்கூட அதற்குள் இரண்டு பேர் கிடைத்திருப்பார்கள்.

முதலில் கோவிந்தப்பாவிடம் போனோம். போனோம் என்றால், அவள் போனாள். எனக்கும் அந்தப் பக்கம் ஒரு வேலை இருந்தது. கோவிந்தப்பா பாலம் கட்டுகிற பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இதே மாதிரிப் படகில் பர்மாவில் ஆறு கடந்தவர். கூட வந்து படகைப் பார்த்ததும் சல்யூட் அடிக்காத குறை. சுற்றி வந்தார், தட்டினார், குனிந்து அடியைப் பார்த்தார்.

"ப்ளைவுட்டு நல்லா இருக்குதும்மா. ஒழுவாது."

"கடலுக்கு ஆவுமா அண்ணா?"

"அடி தட்டையா இருக்குது பாரு. ஆத்துக்கு அதுதான் வேணும். கரைல நேரா ஏத்திடலாம். கடலுக்கு அடி கூரா இருக்கணும், அலையை வெட்டிக்கினு போறதுக்கு. தட்டையா இருந்தா அலை மேல ஏறித் தொப்புனு உழும்."

ஜோசஃபின் முகம் மலர்ந்தது. "அப்போ ஆவாது."

"ஆவாதுன்னு நான் சொன்னேனா? அலை எவ்ளோ பெரிசுன்னு பாக்கணும். பெரிசா இருந்தாலும் நீளமா வந்தா ஏறி எறங்கிடலாம். குட்டையா, கிட்டக் கிட்ட வந்தாத்தான் பேஜாரு. அப்பறம் பின்பலகை. எஞ்சின் மாட்டறதுக்காக அங்க தாழ்த்தி வெட்டிக்கீறாங்க பாரு. முன்னால வர்ற அலையை ஆளு பாப்பான். பின்னால வர்றதை யாரு பாக்கறது?"

"அப்போ ஆவாதுதானே அண்ணா?"

"தாசு கில்லாடிம்மா. ஓட்டறவன் கைல இருக்குது எல்லாம்."

இப்படியே ஒரு டம்ளர் காபி முடிகிற வரைக்கும் பேசினார். ஒவ்வொரு வாக்கியமும் 'ஆகாது' வரைக்கும் போய் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்துவிடும். பட்டாளத்துக்காரர் இன்னொரு ஆம்பிளையின் படகைக் குறை சொல்லமாட்டார் என்பது எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. ஜோசஃபினுக்கு விளங்க நாளாயிற்று.

மாதா கோயில் சாமியாரிடம் போனாள். அவர் நல்ல மனிதர். "வேண்டுதலை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறதம்மா, ஆனால் வேண்டிக்கொண்டவரே வந்து கேட்க வேண்டும்" என்றார். வேண்டிக்கொண்டவர் அந்த நேரத்தில் எஞ்சினுக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார்.

கடைசி வீட்டு பியாட்ரிஸிடம் கேட்டாள். பியாட்ரிஸ் ஒரு துரை வீட்டில் ஆயாவாக ரங்கூனுக்குக் கப்பலில் போய் வந்தவள். எங்கள் வரிசையில் கடலைத் தொட்ட ஒரே ஆள்.

"அலை எப்படி இருக்கும் பியாட்ரிஸ்?"

"யாரு பாத்தா? போறச்சேயும் வாந்தி, வர்றச்சேயும் வாந்தி. பக்கெட்டுக்குள்ள தலையை உட்டவதான். கடலு நீலமா பச்சையான்னுகூட எனக்குத் தெரியாது."

அவ்வளவுதான் மர்பி டவுனில் கடல் பற்றி இருந்த கல்வி.

தாசுக்கும் ஜோசஃபினுக்கும் தினம் ராத்திரி சண்டை. சண்டை என்றால் கத்தல் இல்லை. அவள் ஒன்று கேட்பாள், அவரிடம் அதற்கு ஒரு பதில் இருக்கும். அந்தப் பதில் சரியாகவும் இருக்கும். அதுதான் அவளுக்கு ஆத்திரம்.

"அந்தக் கப்பல்காரன் புயல்ல மாட்டிக்கினு வந்தான். வேண்டிக்கினு வரல."

"அதனாலதான் நான் புயல் இல்லாத மாசமாப் பாத்துப் போறேன்."

"தண்ணி உள்ள வந்தா?"

"அடியில ஓட்டை போட்டுத் தக்கை வெச்சிருக்குது. பிடுங்குனா போயிடும்."

"கடல்ல தக்கையைப் பிடுங்குனா தண்ணி வெளிய போவுமா உள்ள வருமா?"

"நின்னா உள்ள வரும். ஓடிக்கினு இருந்தா வேகத்துக்கு வெளிய இழுத்துக்கும். வேணும்னா கோவிந்தப்பாவைக் கேளு."

கேட்டாள். உண்மைதானாம்.

அந்தத் தக்கையைப் பற்றித் தாசுக்கு அப்படி ஒரு பெருமை. பின்பலகைக்குக் கீழே, அடித்தட்டில், கட்டைவிரல் போகிற ஓட்டை. அதில் செருகிய மரத் தக்கை. வந்தவன் போனவனுக்கெல்லாம் அதைக் காட்டுவார். பால்காரனுக்குக்கூடக் காட்டினார்.

ஆடிக் காற்று ஆரம்பித்தது. பெங்களூர் ஆடிக் காற்று கூரை ஓட்டைப் பிய்க்காது, எலும்பைத்தான் பிய்க்கும். கூடவே தூறல். துணி மூன்று நாளைக்குக் காயாது. அந்தக் காற்றுக்காகத்தான் தாஸ் காத்துக்கொண்டிருந்தார். அல்சூர் ஏரியில் அப்போதுதான் அலை வரும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

ஏரிக் காவல்காரனிடம் கெஞ்சிக் கூத்தாடி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் படகை ஏரியில் இறக்கினார். வரிசை மொத்தமும் கரையில். பியாட்ரிஸ் எல்லோருக்கும் சித்ரான்னம் கிளறிக்கொண்டு வந்திருந்தாள். குடும்பத்துக்குப் பதிலாக மணல் மூட்டைகளை ஏற்றியிருந்தார் தாஸ். ஜோசஃபினுக்கு ஒரு பெரிய மூட்டை, அல்போன்சாவுக்கு ஒரு சின்ன மூட்டை. அல்போன்சா தன் மூட்டைக்கு நெற்றியில் பொட்டு வைத்துவிட்டது. கிறிஸ்தவப் பிள்ளை, பொட்டு வைக்கக் கற்றுக்கொடுத்தது நான்தான் என்று பிற்பாடு எனக்குத்தான் பேச்சு.

காற்று அடித்தது. ஏரியில் அலை வந்தது. சுண்டு விரல் உயரம் இருக்கும். இடுப்பு மடிப்பு மாதிரி வந்து கரைப் பாசியை நக்கிவிட்டுப் போயிற்று. படகு அதன் மேல் தடதடவென்று ஓடியது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. குறுக்கே ஓட்டினார், நேரே ஓட்டினார். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. கரையில் கைதட்டினார்கள். கோவிந்தப்பா மீசையை முறுக்கிக்கொண்டார், தானே கட்டின படகு மாதிரி.

"பாத்தியா?" என்றார் தாஸ் இறங்கி வந்து. "இனிமே இன்னா சொல்றே?"

ஜோசஃபின் அந்த மூட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது ரெண்டும் வெச்ச எடத்துல உக்காந்துக்கினு இருக்குது" என்றாள். "மணலுக்குப் பயம் கெடையாது. எனக்கு இருக்குது. நான் பயந்தா எழுந்து நிப்பேன். கொழந்தையைப் பிடிக்க ஒரு பக்கமா சாய்வேன். என்னை ஏத்திக்கினு ஓட்டிக் காட்டு."

"இப்பவே ஏறு."

"நான் மட்டும் பத்தாது. கொழந்தைக்கும் மூட்டை முடிச்சுக்கும் பதிலா யாரு வர்றது?" என்று சுற்றும் முற்றும் பார்த்தாள். நான் மரத்து மறைவுக்குப் போவதற்குள் கையைப் பிடித்துவிட்டாள். இன்னொரு கையில் பியாட்ரிஸ், சித்ரான்னப் பாத்திரத்தோடு. எங்கள் உடம்பைப் பற்றி நானே சொல்லிக்கொள்ளக் கூடாது. மூன்று மணல் மூட்டைக்கு நாங்கள் எந்த விதத்திலும் குறைவில்லை. அல்போன்சா கரையில் கோவிந்தப்பாவிடம் நின்றது.

ஏறி உட்கார்ந்ததும் தண்ணீர் என் முழங்கைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. கரையில் இருந்து பார்த்தபோது உயரமாகத் தெரிந்த பலகை, உள்ளே இருந்து பார்த்தால் ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல். அதுவும் பின்பக்கம், தாசும் எஞ்சினும் இருக்கிற பக்கம், இன்னும் தாழ்ந்திருந்தது. இதைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். எஞ்சின் கத்தியது. என் வாழ்க்கையில் நான் சொன்னது யாருக்கும் கேட்காமல் போனது அந்த ஒருதரம்தான்.

ஓடுகிறவரைக்கும் நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. மூஞ்சியில் காற்று, கரையில் நம் வரிசை ஜனங்கள் பொம்மை மாதிரி. பியாட்ரிஸ் கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் சொன்னாள். ஜோசஃபின் ஒரு கையால் பலகையைப் பிடித்துக்கொண்டு புருஷனையே பார்த்தாள்.

"வேகமாப் போவுது, சரி" என்று கத்தினாள். "நிறுத்தணும்னா நிக்குமா?"

"கேக்கறதைப் பாரு. பஸ்ஸு மாதிரி நிக்கும்" என்று, அவளுக்குக் காட்டுவதற்காகவே, எஞ்சினைப் பட்டென்று நிறுத்தினார்.

நின்றது. படகு நின்றுவிட்டது. ஆனால் அதுவரை எங்கள் பின்னாலேயே ஓடிவந்த அலை நிற்கவில்லை. நாங்களே கிளப்பிவிட்ட அலை. ஏரியில் வேறு அலையே கிடையாது. அது ஒரு சத்தமும் இல்லாமல், வீட்டுக்குள் நுழைகிற மாமியார் மாதிரி, தாஸ் முதுகுப் பக்கத்தில் அந்தத் தாழ்ந்த பலகையைத் தாண்டி உள்ளே வந்து உட்கார்ந்தது. கணுக்கால் வரைக்கும் தண்ணீர். சித்ரான்னப் பாத்திரம் மிதந்தது. பியாட்ரிஸ் கண்ணைத் திறந்து பார்த்து எழுந்து நின்றாள். ஜோசஃபின் சொன்னது சரிதான், பயந்தால் எழுந்துதான் நிற்பார்கள். நானும் நின்றேன். படகு ஒரு பக்கம் சாய்ந்தது. அந்தப் பக்கத்திலிருந்தும் ஏரி உள்ளே வந்தது.

நல்ல வேளை, கரை கிட்டத்தில். இறங்கினால் இடுப்பளவு தண்ணீர், முழங்கால் அளவு சேறு. அல்சூர் ஏரிச் சேறு எப்படி நாறும் என்று உங்களுக்குத் தெரியாவிட்டால் தெரியாமலே இருங்கள். ஆனால் இறங்குவதற்கு முன்னால், அது இடுப்பளவுதான் என்று தெரிவதற்கு முன்னால், ஒரு கணம் தாஸ் முகத்தைப் பார்த்தேன். அவர் வாயிலிருந்து வந்தது மாதா பெயர் இல்லை. வெறும் 'ஐயோ'. இரண்டு கையாலும் ஜோசஃபின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார், ஏணியைப் பிடிக்கிற மாதிரி.

கரையேறியதும் ஜோசஃபின் புடவையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "இப்போ இன்னா சொல்றே?"

தாஸ் குனிந்து எஞ்சினிலிருந்து சேற்றை வழித்துக்கொண்டிருந்தார். எனக்குக்கூடத் தோன்றியது, முடிந்தது என்று. மறுநாள் காலையில் சுத்தியல் சத்தம் கேட்டது.

பின்பலகைக்கு மேல் ஒரு பலகை வைத்து உயர்த்திக்கொண்டிருந்தார்.

"இது வெச்சா உள்ள வராது. பட்டுனு நிறுத்தினது என் தப்பு. கொஞ்சங் கொஞ்சமாக் கொறச்சு நிறுத்தணும். கத்துக்கிட்டேன். இதுக்குத்தானே டெஸ்ட்டு பண்றது."

"முழுகுச்சே ஐயா. ஏரியில முழுகுச்சே. காத்துல வந்த அலைகூட இல்ல."

"நீங்க எழுந்து நின்னீங்க. உக்காந்துக்கினு இருந்தா முழுகாது."

ஜோசஃபின் சுவருக்கு இந்தப் பக்கம் வந்து, என் அம்மிக் கல் மேல் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டாள். "தண்ணில முழுகின படகைக் காட்டி ஆவாதுன்னு சொல்ல முடியலியே அக்கா. இனி எதைக் காட்டறது?"

ஒரு டம்ளர் மோர் கொடுத்தேன்.

அடுத்த நாட்களில் படகில் வேலை ஓயவில்லை. தார் பூசினார், பெயிண்ட் அடித்தார், அல்போன்சாவுக்கு உட்கார ஒரு சின்னப் பலகை அடித்தார். முகப்பில் மாதா படம் ஒட்டினார். ஒன்றை மட்டும் செய்யவில்லை. மறுபடி அதை ஏரிக்குக் கொண்டு போகவில்லை. கோவிந்தப்பா கேட்டுக்கொண்டே இருந்தார், பலகை வெச்சியே, இறக்கிப் பாக்க வேணாமா என்று. வண்டி கிடைக்கவில்லை என்றார் தாஸ். அப்புறம் காவல்காரன் விடமாட்டேன் என்கிறான் என்றார். காவல்காரனை எனக்குத் தெரியும். அவன் சித்ரான்னம் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

லாரி மட்டும் ஏற்பாடாகிவிட்டது. ஜோசஃபினுடைய சித்தி மகன் ஞானசேகரன் லாரி ஓட்டுகிறவன். நாகப்பட்டினத்திலிருந்து கருவாடு ஏற்றி வர அடிக்கடி போவான். திருவிழாக் கொடியேறுவதற்கு முன்னால் போகிற நடையில் படகை ஏற்றிக்கொள்வதாகச் சொன்னான். ஜோசஃபின் கடைசி நம்பிக்கையாக அவனையும் கேட்டாள்.

"நீ கடலைப் பாத்தவன். நீ சொல்லு."

"கட்டுமரம் பாத்துக்கீறேன்க்கா. அதுல பக்கப் பலகையே கெடையாது. தண்ணி வரும், போவும். இதுல வந்தா தங்கிடும். ஆத்து வாயில அலை மடிஞ்சு மடிஞ்சு உடையும், அங்க தாண்டறதுதான் கஷ்டம்."

"அதை மச்சான்கிட்ட சொல்லு."

ஞானசேகரன் தாசைப் பார்த்தான். தாஸ் பெயிண்ட் பிரஷ்ஷோடு அவனைப் பார்த்தார்.

"சொல்லிடலாம்" என்று சொல்லிவிட்டு, லாரிக்கு டீசல் போட வேண்டும் என்று போய்விட்டான்.

லாரி வந்த காலையில் தூறல் விட்டிருந்தது. அதிசயமாகக் குழாயில் தண்ணீர் முழு வேகத்தில் வந்துகொண்டிருந்தது. வரிசைப் பெண்கள் அத்தனை பேரும் குழாயடியில். தெருமுனையில் லாரி நின்றது. படகைத் தூக்க ஒர்க்‌ஷாப் ஆட்கள் வந்து, அதைச் சுற்றி நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். அல்போன்சா புது கவுன் போட்டுக்கொண்டு தன் பலகையில் ஏறி உட்கார்ந்திருந்தது.

ஜோசஃபின் குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடியிலிருந்து வந்தாள். வீட்டுக்குள் போவாள் என்று பார்த்தால், படகுப் பக்கம் நின்று, குழந்தையைத் தூக்கித் தரையில் விட்டாள். குடத்துத் தண்ணீரை அப்படியே படகுக்குள் கவிழ்த்தாள்.

"இன்னா பண்றே?" என்றார் தாஸ்.

"ஒழுவுதான்னு பாக்கறேன்."

"ஒழுவாதுன்னு எத்தினி தரம் சொல்றது?"

"நீ சொன்னே. நான் பாக்க வேணாமா? ஏறப்போறது நான்தானே." மறுபடி குழாயடிக்குப் போனாள்.

அவள் இரண்டாவது குடம் கொண்டுவரும்போது என் குடம் நிறைந்திருந்தது. எனக்கு ஒன்றும் பெரிய யோசனை இல்லை. வாசலை அடைத்துக்கொண்டு கிடக்கிற படகு, கையில் கனக்கிற குடம். ஊற்றினேன். எனக்குப் பின்னால் பியாட்ரிஸ். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினாள். அதற்குப் பின்னால் வரிசை. எங்கள் வரிசைப் பெண்கள் ஒரு குடம் தண்ணீருக்கு ஒருத்தி கொண்டையை ஒருத்தி பிடிக்கிறவர்கள். அன்று ஒருத்தியும் முந்தவில்லை, பிந்தவில்லை. குடம் குடமாக வந்து, பேசாமல் ஊற்றிவிட்டுப் போனார்கள். ஒர்க்‌ஷாப் ஆட்கள் பீடியை அணைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

தாஸ் குறுக்கே வந்து நின்று பார்த்தார். சட்டை நனைந்தது. "கிறுக்குப் பிடிச்சிடுச்சா உங்களுக்கு?" என்றார். தண்ணீர் அல்போன்சாவின் பலகைக்கு மேலே ஏறியது.

ஆட்கள் தூக்கிப் பார்த்தார்கள். அசையவில்லை. "ஆவாதுண்ணே" என்றான் அவர்களில் ஒருவன்.

ஜோசஃபின் அவனைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை நாள் தேடின சொல், கடைசியில் பீடி வாசனையோடு வந்தது. அது தூக்குவதைப் பற்றிச் சொன்னது என்றாலும் அவள் முகத்தில் என்னவோ தெரிந்தது.

தெருமுனையில் ஞானசேகரன் ஹாரன் அடித்தான். அப்புறம் இறங்கியே வந்துவிட்டான். பார்த்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

"இன்னா மச்சான் இது. சரி, தக்கையைப் பிடுங்கு. கொஞ்ச நேரத்துல காலியாயிடும். நான் நிக்கறேன்."

எல்லோரும் தாசைப் பார்த்தோம். தக்கையை எப்படி மறந்தோம் என்று ஜோசஃபின் என்னைப் பார்த்தாள். அவள் கையிலிருந்த குடம் இறங்கிவிட்டது.

தாஸ் சட்டைக் கையைச் சுருட்டினார். பின்பலகைப் பக்கம் போய்க் குனிந்து, தோள் வரைக்கும் கையைத் தண்ணீருக்குள் விட்டார். கன்னம் தண்ணீரைத் தொட்டது. அப்படியே இருந்தார். துழாவினார். அந்தத் தண்ணீர் மட்டத்தில் கண்ணை வைத்துக்கொண்டு, முழு நீளத்துக்கும் படகைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ இருமினார்கள். சின்னதாக ஒரு அலை, அவர் கை அசைந்ததில் கிளம்பி, மாதா படத்து முகப்பு வரைக்கும் போய் மோதித் திரும்பி வந்து அவர் மூக்கை நனைத்தது.

கையை வெளியே எடுத்தார். வெறுங்கை.

"வரலடா" என்றார். "ஊறிப் பிடிச்சுக்கிச்சு."

"கம்பி கொண்ணாரட்டா? லாரில இருக்குது."

"வேணாம். நோண்டினா ப்ளைவுட்டு பொளந்துடும். உனக்கு நேரமாவுது, நீ போ."

ஞானசேகரன் நின்றான், ஜோசஃபினைப் பார்த்தான், போய்விட்டான். லாரி போகிற சத்தம் கேட்கிற வரைக்கும் தாஸ் அங்கேயே நின்றார். பிறகு எங்கள் எல்லோரையும் ஒருதரம் பார்த்தார்.

"சனியனுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அன்று சுவர் வழியாக ஒரு பேச்சும் வரவில்லை. கருவாட்டுக் குழம்பு வாசனை மட்டும் வந்தது. நன்றாகவே வைத்திருந்தாள்.

திருவிழாவுக்கு மூன்று பேரும் ரயிலில் போனார்கள். மொட்டை, மெழுகுவர்த்தி எல்லாம் ஒழுங்காக நடந்தது. திரும்பி வந்த தாஸ் ஒவ்வொருவரையும் நிறுத்திச் சொன்னார்: "அலை ஒண்ணும் பெரிசில்ல. என் படகு போயிருக்கும். சும்னே வீணாக் கெடுத்துட்டாளுங்க." ஜோசஃபின் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "ஆமா, நான்தான் கெடுத்தேன்" என்றாள். அல்போன்சாவுக்கு மழைக்காலத்தில் சளி பிடித்தால் போதும், தாஸ் பெருமூச்சு விடுவார், "வாக்கு பாக்கி நிக்குது" என்பார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கஷாயம் வைப்பாள். இன்றைக்கும் அந்தப் படகு கடலுக்கு ஆகுமா ஆகாதா என்று எங்கள் வரிசையில் கேட்டுப் பாருங்கள். கோவிந்தப்பா ஒரு டம்ளர் காபிக்குப் பேசுவார்.

படகு அதே இடத்தில்தான் இருக்கிறது. பாதி எங்கள் வாசலில். தண்ணீர் வருகிற அன்று நிரப்பிவைத்து, அதில்தான் நாங்கள் துணி அலசுகிறோம். ஒரு சொட்டு ஒழுகுவதில்லை. அந்த விஷயத்தில் தாஸ் சொன்னது சத்தியம். அலசி முடித்ததும் அழுக்குத் தண்ணீரைச் சாக்கடையில் விட வேண்டும். நான் குரல் கொடுப்பேன். அல்போன்சா ஓடி வரும், முழங்கை நனையக் கையை விடும், இரண்டு விரலால் தக்கையைப் பிடுங்கி என் கையில் கொடுத்துவிட்டு மறுபடி விளையாடப் போய்விடும்.

அந்த நேரத்தில் தாஸ் வாசல் பக்கம் வருவதில்லை.